மறுமுனையில் ஒரு அக்கா

“மாத்திரையைக் கீழே வைங்கக்கா. முதல்ல வாசக் கதவைத் திறங்க.”

விளம்பர நிறுவனத்தின் கான்பரன்ஸ் அறையில் எல்லோரும் போனில் பேசிக்கொண்டிருந்த டிசைனரையே பார்த்தார்கள். இரண்டாம் கட்ட விளம்பரத்துக்குக் கையெழுத்துப் போட ஒரு கிறிஸ்தவ சபையின் போதகர் வந்திருந்தார். முதல் கட்டமே ஊரிலுள்ள பெரிய பேனர் இடங்களையெல்லாம் வளைத்துப் போட்டிருந்தது.

“வீட்டுப் பஞ்சாயத்தை வெளியில வச்சுக்கய்யா,” என்று பல்லைக் கடித்தார் முதலாளி. “கோடி ரூபா வேலை கைநழுவிடும்.”

டிசைனர் அதைக் காதில் வாங்கவில்லை. “திறந்துட்டீங்களா? பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிடுங்க. நான் லைன்லயே இருக்கேன்.”

போனில் வேறொரு பெண் குரல், “என்னடி இது? குடு இங்க,” என்று பதறியது. டிசைனர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“கூடப் பிறந்தவங்களா தம்பி?” போதகர் கனிவாகக் கேட்டார்.

“யாருன்னே தெரியாதுங்க ஐயா. ‘இயேசு காத்திருக்கிறார், அழையுங்கள்’னு உங்க பேனரைப் பார்த்துக் கூப்பிட்டாங்க. நீங்க நம்பர் தர்ற வரைக்கும் இருக்கட்டும்னு என் நம்பரைப் போட்டு வச்சேன், அது அப்படியே அச்சாகிடுச்சு. மாத்தலாம்னு கேட்டா, நம்பர் இன்னும் முடிவாகலைன்னாங்க உங்க ஆபீஸ்ல.”

“ஒரு மாசமாவா? எங்களுக்குத் தெரியலையே.”

“உங்க பக்கத்துலேர்ந்து யாரும் அந்த நம்பருக்கு அடிச்சுப் பார்க்கல ஐயா.” டிசைனர் போனை நீட்டினார். “அந்த அக்காவுக்கு பேனர் வச்சவங்களோட பேசணுமாம்.”

போதகர் போனை வாங்கி, உள்ளங்கையால் மூடிக்கொண்டு முதலாளி பக்கம் திரும்பினார்.

“என்ன பேசணும்? எழுதி வச்சிருக்கீங்களா?”