எடுத்த பின்னும் பச்சை

நம்பிக்கையின் விலை இன்று ஒப்புதல் பொத்தானில் ஒரே ஒரு சொடுக்கு. அதையும் ஓசியில் வாங்கிப்போக திருத்தங்களைச் சரிபார்ப்பவளின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்கிறார் மூத்த நிரலாளர். நிரல்களைப் படித்துப் பிரிக்கும் அவர்களது மென்பொருள், மூடாத அடைப்புக்குறி ஒன்றைக் கண்டால் மயங்கி விழுகிறது. சரிசெய்துவிட்டதாகச் சொல்கிறார். போன முறையும் அப்படித்தான் சொன்னார். நம்பி ஒப்புதல் கொடுத்தாள்; மென்பொருள் மறுபடி விழ, அவள்தான் திட்டு வாங்கினாள். இன்னொரு முறை என்றால் வேலையே போய்விடும். "டெஸ்ட்தான் பச்சையா இருக்கேம்மா, இன்னும் என்னத்த மோந்து பாக்குற?" அவர் மோதிரம் மேசையில் டக்டக்கென்று தட்டுகிறது. திரையில் விழும் வெயிலை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, அவர் திருத்தத்தை மட்டும் எடுத்துவிட்டு அதே சோதனையை ஓட்டுகிறாள். திருத்தம் இல்லாததால் சோதனை தோற்று, சிவப்பு வரவேண்டும். பச்சையே வருகிறது. சோதனைக் கோப்பைத் திறக்கிறாள். எல்லா அடைப்பும் ஒழுங்காக மூடியிருக்கிறது. "உங்க மருந்து இல்லாமலே நோயாளி எழுந்து நடக்கிறான் சார். அப்ப யாருக்கு வைத்தியம் பாத்தீங்க?" மோதிரம் நிற்கிறது. பக்கத்து மேசைத் தட்டச்சுச் சத்தமும் நிற்கிறது. "வாய் ரொம்ப நீளுது." "மூடாத அடைப்பை வெச்சு டெஸ்ட் எழுதிட்டு வாங்க, வாயைச் சுருக்கிக்கிறேன்." ஒப்புதல் பொத்தானைத் தொடாமல் கையைக் கட்டிக்கொள்கிறாள். இன்றைய கணக்கு நேர். போன முறை அவள் வாங்கிய திட்டு மட்டும் இன்னும் அவர் பேரில் பாக்கி.