வாடகைக் கண்கள்

கென்யப் புல்வெளியின் நடுவே, பளிங்குக் குளியல் தொட்டியும் மெத்தைக் கட்டிலும் கொண்ட சொகுசுக் கூடாரத்தில் தவமணி தங்கியிருந்தாள். அதுதான் அவள் வேலை. நெற்றிப் பட்டையை மாட்டிக்கொண்டால், அவள் பார்ப்பதும் உணர்வதும் கோவையில் படுத்த படுக்கையாயிருந்த பெரியவர் சென்னியப்பனுக்கு அப்படியே போய்ச் சேரும்.

அன்று மாலை யானைகள் ஆற்றில் இறங்கின. வழுக்கி விழுந்த குட்டியைத் தாய் துதிக்கையால் தூக்கிவிட்டது. தவமணிக்கு ஊரில் விட்டுவந்த மகளின் நினைவு வந்தது.

காதில் பெரியவரின் குரல் கேட்டது. "ஏனுங் அம்மணி, எனக்கு நெஞ்சு இப்படிக் கனக்குது?"

வேலை போய்விடுமோ என்று பயந்தாள். "மன்னிச்சுக்கங்க ஐயா. என் மக நேத்துத்தான் பெரியவளானா. நான் பக்கத்துல இல்ல. பட்டையைக் கழட்டிடறேன், மனசு சரியானதும் மாட்டிக்கறேன்."

"வேண்டாங் அம்மணி, கழட்டாதீங்க!" என்றார் அவசரமாக. பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கு நெனச்சு ஏங்கறதுக்குக்கூட ஆளில்லீங்க. யானை போனாப் போகட்டும். உங்க புள்ளையவே இன்னும் கொஞ்ச நேரம் நெனைங்க" என்றார்.

யானைகள் அக்கரை ஏறின. தவமணி கண்களை மூடி, மஞ்சள் பூசிய மகளின் முகத்தை நினைத்துக்கொண்டாள். சற்று நேரத்தில் அவள் காதில் பெரியவர் விசும்பும் சத்தம் கேட்டது.