அலுமாரியில் ஒன்று குறைகிறது

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாடு முடிந்து கை கழுவின ஈரம் இன்னும் காயவில்லை. இந்திரகுமார் கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் போய் நின்றார்.

"தங்கச்சி, இதிலை ஒண்டு எனக்கு வேணும்."

மெரிலேண்ட்ஸில் அந்தச் சின்ன வீட்டின் முன்னறையில் இருந்தவர்கள் எல்லாம் அவர் பக்கம் திரும்பினார்கள்.

வீட்டுக்காரர் கல்யாணசுந்தரம் இறந்து ஒரு மாதம்தான். அலுமாரிக்குள் பச்சைக் கம்பளித் துணியில் கிடந்தவை அவர் சேர்த்த பழைய காற்றுக் கைத்துவக்குகள். வெடிமருந்து கிடையாது. உள்ளே ஒரு ஸ்பிரிங். அதை அழுத்தி மடக்கி விட்டால், காற்று ஈயக்குண்டைத் தள்ளும். இங்கிலாந்தில் செய்தது, ஜெர்மனியில் செய்தது, யுத்தத்துக்கு முந்தியது என்று ஒவ்வொன்றும் ஒரு சாதி. பண்ணை ஏலங்களிலும் பழைய சாமான் கடைகளிலும் துருவேறிக் கிடந்ததைத் தேடிப் பிடித்து, தோல் வாசர் மாற்றி, எண்ணெய் போட்டு, மறுபடி மூச்சுவிட வைப்பார். அதுதான் அவருடைய பித்து.

அந்தப் பித்தைத் தொற்ற வைத்தவரே இந்திரகுமார்தான். வெள்ளைக்காரர் மட்டுமே இருந்த சேகரிப்போர் சங்கத்துக்குள் நுழைய வருஷக்கணக்காகக் காத்திருந்தவர். நல்ல சாமான் எல்லாம் அந்தச் சங்கத்துக்குள்தான் கைமாறும். உள்ளே போனதும், கல்யாணசுந்தரத்துக்குத் தானே பொறுப்பு நின்று அவரையும் சேர்த்துவிட்டார்.

கல்யாணசுந்தரத்தின் மனைவி சந்திரவதனா தயங்கினாள். சனிக்கிழமை சங்கத்து ஆட்கள் வருகிறார்கள், எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பார்த்து எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள்.

"அவையள் வரமுந்தி வேணும் எண்டுதான் கேக்கிறன்."

சந்திரவதனாவின் தம்பி சிறிக்குக் காது சுட்டது. அக்காவுக்குத் துணையாக மெல்பேர்னிலிருந்து வந்து நின்றவன். திறமானதை முதலே உருவிக்கொள்ளப் பார்க்கிறார் மனுஷர். அதுவும் செத்த வீட்டில்.

குசினிப் பக்கமிருந்து ஒரு பெண்குரல், இனிமேல் அந்தியேட்டிக்கு வடை பாயாசத்தோடு துவக்கும் பரிமாற வேண்டும் போல என்றது. யாரோ சிரிப்பை விழுங்கினார்கள்.

இந்திரகுமார் திரும்பியும் பார்க்கவில்லை. நடு வரிசையில் ஒன்றைக் காட்டினார். கறுப்புக் கைப்பிடி. அதன் ஒரு மூலை உடைந்து ஒட்டப்பட்டிருந்தது.

சந்திரவதனா திறப்பைக் கொண்டுவந்து அலுமாரியைத் திறந்தாள்.

"எடுங்கோ அண்ணை. அவர் பிறத்தியாற்றை ஒரு ஊசியைத்தானும் தொட்டவர் இல்லை. தன்ரையைக் கேட்டவைக்கு இல்லையெண்டு சொன்னவரும் இல்லை."

இந்திரகுமார் அவள் முகத்தைப் பார்க்காமல் அதை எடுத்துச் சட்டைப்பையிலிருந்த கைலேஞ்சியில் சுற்றினார். பிறகு மற்றவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, வெறுமை தெரியாதபடி அடுக்கிவிட்டார். இதையும் சிறி கவனித்தான். எவ்வளவு பழகிய கை என்று நினைத்தான்.

சென்ட்ரல் ஸ்டேஷனில் அவனை மெல்பேர்ன் ரயிலேற்றிவிடுவதாக இந்திரகுமார் காலையிலேயே ஒத்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் அவருடைய ஹோல்டன் காருக்குள் ஏறினான். பரமட்டா வீதிக்கு வருமுன்னமே வாய் திறந்துவிட்டது. சிநேகிதம் என்றான், மரியாதை என்றான், சந்தனம் காயாத வீடு என்றான்.

"அத்தான் உயிரோடை இருந்திருந்தா உங்களுக்கு இந்தத் துணிவு வந்திராது."

"வந்திராதுதான்," என்றார் இந்திரகுமார்.

ஸ்ட்ராத்ஃபீல்டில் காரைத் திருப்பி ஒரு செங்கல் வீட்டின் முன் நிறுத்தினார். அஞ்சு நிமிஷம், தம்பி, உள்ளுக்கையே இரும் என்று சொல்லிவிட்டுக் கைலேஞ்சிப் பொட்டலத்தோடு இறங்கினார்.

அட, விற்பதற்கும் ஆள் பார்த்து வைத்திருக்கிறாரே. சிறியால் இருக்க முடியவில்லை. இறங்கிப் போய் வேலியோரம் நின்றான்.

கதவைத் திறந்தவர் சங்கத்துச் செயலாளர் கொலின்ஸ். சனிக்கிழமை கல்யாணின் வீட்டில்தானே சந்திப்பதாக இருந்தோம் என்று சிரித்தபடி கேட்டார். இந்திரகுமார் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார்.

கிழவரின் பெருவிரல் நேராக அந்த ஒட்டுப்போட்ட மூலைக்குப் போயிற்று. அது தானே ஒட்டியது என்றார். போன குளிர்காலம் கூட்டத்து மேசையிலிருந்து காணாமற்போனதிலிருந்து தான் போகாத கடையில்லை, கேட்காத ஆளில்லை என்றார். எங்கே கண்டுபிடித்தாய், இந்திரா?

"கண்டுபிடிக்கவில்லை, மிஸ்டர் கொலின்ஸ். அன்றைக்கு மேசையிலிருந்து எடுத்தவன் நான்தான்."

கொலின்ஸ் துவக்கைத் தன் சட்டைப்பைக்குள் வைத்தார். சத்தம் போடவில்லை. இனிச் சங்கத்துப் பக்கம் வரத் தேவையில்லை என்றார். அங்கே இருக்கிற எவரும் இனி அவரோடு ஒரு ஆணிகூடக் கைமாற்றமாட்டார்கள் என்றார். கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது.

இந்திரகுமார் நடந்து வந்தார். நடையில் ஒரு தளர்ச்சியும் இல்லை.

சிறி பின்னாலேயே ஓடிவந்து காருக்குள் ஏறினான்.

"அது... அத்தான்ரை அலுமாரியிலை இருந்ததல்லோ?"

இந்திரகுமார் காரை எடுத்தார். கண் வீதியிலேயே இருந்தது.

"ஓம், இருந்தது. இனி அந்த அலுமாரியிலை இருக்கிறதெல்லாம் உம்மடை அத்தான்ரை சாமான்தான், தம்பி."