கறுப்பா, சிவப்பா?

"கையத் தூக்கிடாதடா தோங்! அம்மா சொல்றேன், தூக்கிடாத!"

கயிற்றுக்கு அந்தப் பக்கம், வெற்று மார்பில் எண் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்த மகனுக்குக் கேட்கும்படி வன்னா கத்தினாள். பள்ளிக்கூட மண்டபம் முழுக்க அவனைப் போல, கட்டாய ராணுவச் சேவைக்கான சீட்டுக் குலுக்கலுக்கு வந்த இருபத்தொரு வயதுப் பையன்கள். ஏப்ரல் வெயிலில் தகரக் கூரை கொதித்தது.

மேடையில் ராணுவ அதிகாரி மைக்கைத் தட்டினார். "கடைசியா கேக்குறேன். தானா வர்றவங்க கை தூக்கலாம், ஒரே வருஷம்தான். சீட்டு எடுத்து சிவப்பு வந்தா ரெண்டு வருஷம் பட்டாளம். கறுப்பு வந்தா நேரா வீட்டுக்கு. அப்புறம் என்கிட்ட வந்து அழக் கூடாது."

வன்னாவின் பக்கத்தில் மாலி நின்றிருந்தாள். தோங்குக்கு நிச்சயமான பெண். மெல்ல வாயைத் திறந்தாள்.

"அத்தை, தூக்கட்டுமே. ஒரு வருஷம்னா கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும். சிவப்பு வந்து ரெண்டு வருஷம் மாட்டிக்கிட்டா?"

"வாயக் கழுவுடி! அடுத்த மாசம் கல்யாணத்துக்குக் கோயில் பிக்கு நாள் குறிச்சுக் குடுத்துட்டாரு. கறுப்புதான் வரும். நீ வந்து என் நூடுல்ஸ் கடையப் பாத்துக்கப் போற. சியாங்மாய் டவுனு, நர்ஸ் படிப்புன்னு நீ சொல்லிட்டிருந்தியே, அந்தப் பேச்செல்லாம் இனிமே வேணாம்."

"சரி அத்தை."

தோங் திரும்பி அம்மாவைப் பார்த்தான். அவள் விரலை ஆட்டி மிரட்டினாள். பிறகு மாலியைப் பார்த்தான். கைகள் இரண்டையும் மடியிலேயே வைத்துக்கொண்டான். பாவம், அவனும்தான் என்ன செய்வான்?

இரண்டே பேர் கை தூக்கினார்கள். தேவைப்பட்டது ஐந்து பேர்; மீதி மூன்று இடம். மூன்று சிவப்புச் சீட்டுகளைக் கறுப்புச் சீட்டுகளோடு பெட்டிக்குள் போட்டுக் குலுக்கி, தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தார்கள்.

முதலில் போனவன் ஆஜானுபாகு. கையை விட்டு எடுத்துக் கொடுத்தான்.

"சிவப்பு!"

நின்ற இடத்திலேயே மயங்கி விழுந்தான். கூட்டம் ஹோவென்று சிரித்தது. "தூக்க நாலு பேரு வாங்கப்பா! எதிரி இவனப் பாத்ததும் ஓடிடுவான்!" என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

"ஒண்ணு போச்சு, நல்லா இருக்கட்டும் அந்தப் புண்ணியவான்" என்றாள் வன்னா.

கொஞ்ச நேரத்தில் இரண்டாவது சிவப்பும் போனது. வன்னா மாலியின் கையைப் பிடித்தாள். ஐஸ் போலச் சில்லிட்டிருந்தது.

"சிவப்பு போகப் போக நம்ம புள்ளைக்கு நல்லதுதான? நீ ஏன் இப்படி நடுங்குற?"

"பயமா இருக்கு அத்தை."

மூன்றாவது சிவப்பு வருவேனா என்றது. கறுப்பு, கறுப்பு, கறுப்பு. ஒவ்வொருத்தனும் துள்ளிக் குதித்துக்கொண்டு வெளியே ஓடினான். வரிசை குறையக் குறைய வன்னா கயிற்றுக்கு மேலே எம்பி எம்பிப் பார்த்தாள்.

"ஐயோ, அந்தப் பாழாப் போனது இன்னும் உள்ளதான கெடக்கு! மாலி, நல்லா வேண்டிக்கடி!"

சொல்ல வேண்டிய தேவையே இல்லை. மாலி கண்களை இறுக மூடி, கைகளைக் கூப்பி, உதடு அசைய வேண்டிக்கொண்டிருந்தாள். நெற்றி வியர்வை கன்னத்தில் வழிந்தும் துடைக்கவில்லை. வன்னாவுக்கு நெஞ்சு உருகிப் போயிற்று.

"இப்படி ஒரு பொண்ணு கெடைக்க என் புள்ள குடுத்து வச்சிருக்கணும்" என்று பக்கத்தில் நின்றவளிடம் பெருமைப்பட்டுக்கொண்டாள்.

தோங்கின் முறை வந்தது. பெட்டிக்குள் கையை விட்டான். எடுத்ததைப் பார்க்கக்கூட தைரியம் இல்லாமல் அப்படியே அதிகாரியிடம் நீட்டினான். அவர் வேண்டுமென்றே நிதானமாகப் பிரித்தார்.

"கறுப்பு!"

வன்னா பக்கத்தில் நின்றவளைக் கட்டிப்பிடித்து முத்தமே கொடுத்துவிட்டாள். தோங் கயிற்றைத் தாண்டிக் குதித்து ஓடி வந்தான். மாலி தரையில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள்.

"ஏய், அதான் கறுப்பு வந்துடுச்சுல்ல, இன்னும் என்ன அழுகை?" அவள் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தான் தோங். "நம்ம தலையெழுத்து நல்லா இருக்கு மாலி. அடுத்த மாசம் கல்யாணம்!"

மாலி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை நேராகப் பார்த்தாள்.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம் தோங், நான் படிக்கப் போறேன். நீ பட்டாளத்துக்குப் போயிட்டா இத என் வாயால சொல்லாமலே தப்பிச்சிடலாம்னுதான், சிவப்பு வரணும், சிவப்பு வரணும்னு இவ்வளவு நேரமும் வேண்டிக்கிட்டிருந்தேன்."