கூப்பிட்டால் திரும்பணும்

"நீலாவதி!"

பிள்ளை திரும்பவில்லை. பாயில் உட்கார்ந்து தன் கம்பளிக் காலுறையை உருவுவதிலேயே குறியாக இருந்தது.

"நீலாவதி! இங்க பாரும்மா!" நர்ஸ் திலகம் கரடியாகக் கத்திப் பார்த்தாள். ம்ஹூம். காது மந்தமென்றும் சொல்ல முடியாது. சற்று முன் மிஸ் வோங் முதுகுக்குப் பின்னால் பிஸ்கட் டின்னை லேசாக ஆட்டியதற்கே வெடுக்கென்று திரும்பிய பிள்ளைதான்.

மிஸ் வோங் ஈப்போவிலிருந்து மாதம் ஒருமுறை மலையேறி இந்தக் கிளினிக்குக்கு வந்து, கால் விளங்காத பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர். தமிழ் தெரியாது. அவர் சொல்வதைத் தோட்டத்துச் சனங்களுக்கு எடுத்துச் சொல்வது திலகத்தின் வேலை. அவர்களைத் திட்டுவது அவளாக எடுத்துக்கொண்ட வேலை.

அன்று காலையில்கூட ஒருத்தியை வாசலோடு திருப்பி அனுப்பியிருந்தாள். "சூராட் இல்லாம வராதே! பொறந்ததுக்கே பத்திரம் இல்லாத பிள்ளைக்கு எப்படி அட்டை போடறது?" வாரத்தில் நாலு பேரிடமாவது சொல்கிற வசனம். யாரிடம் சொல்கிறோம் என்று முகத்தை நிமிர்ந்து பார்ப்பதுகூட இல்லை.

பாயிலிருந்த பிள்ளையின் தாய் அம்மாக்கண்ணுவிடம் அந்தப் பிறப்புச் சூராட் இருந்தது. நாலாக மடித்து, பிளாஸ்டிக் பையில் சுற்றி, இடுப்பில் செருகி வைத்திருப்பாள். ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவள். சூராட்டின்படி பிள்ளைக்கு ஐந்து வயது. பார்த்தால் மூன்றுதான் மதிக்கலாம். தோட்டத்துப் பிள்ளைகள் எதுதான் வயசுக்கேற்ற வளர்த்தியாக இருக்கிறது என்று திலகம் வயிறெரிந்ததோடு சரி.

முதல் நாளே அவள் கறாராகச் சொல்லியிருந்தாள். "இது மந்திரமும் இல்ல, ஊசியும் இல்ல. மாசத்துல ஒரு நாள் இங்க. மத்த நாளெல்லாம் வீட்ல நீதான் செய்யணும். அவசரப்படக் கூடாது லா."

அம்மாக்கண்ணு செய்தாள், பாவம். நாலு மாதமாக விடியுமுன்னே எழுந்து, குளிரில் விறைத்துக் கிடக்கும் அந்தக் கால்களை எண்ணெய் போட்டு நீவிவிட்டு, அதற்கப்புறம்தான் கொழுந்துக்கு ஓடினாள். லயத்து வீட்டு வாசலில் மூங்கில் கட்டி, பிடித்து நிற்கப் பழக்கினாள். இன்றைக்குப் பிள்ளை கம்பியைப் பிடித்துக்கொண்டு தானாக நின்றதைப் பார்த்து மிஸ் வோங்கே கைதட்டிவிட்டார்.

ஆனால் இன்று பரீட்சை நாள். இருப்பது ஆறே இடம். காத்திருப்பது முப்பது பிள்ளைகள். சொன்னால் புரிந்துகொள்கிற பிள்ளைக்குத்தான் பயிற்சி தொடரும். அதில் முதல் கேள்வியே, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப வேண்டும் என்பதுதான்.

"நீயே கூப்பிடு அம்மாக்கண்ணு. உனக்காவது திரும்புதான்னு பார்ப்போம்."

"ஏ கண்ணுன்னு கூப்பிடட்டுங்களா மிஸ்ஸி? அதுக்குத் திரும்பும்."

"பேரச் சொல்லித்தான் கூப்பிடணும்."

அம்மாக்கண்ணு பிள்ளையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். "நீலா..." பாதியிலேயே நிறுத்திவிட்டாள். கண் குளமாகிவிட்டது.

"இதா அழுவுற நேரம்? முழுசாக் கூப்பிடு!"

"நீலாவதி..." காற்றுதான் வந்தது. பிள்ளை காலுறையை ஒருவழியாக உருவிப் போட்டுவிட்டுத் தன் கால் விரலைப் பார்த்துச் சிரித்தது.

மிஸ் வோங் பெருமூச்சு விட்டார். சிவப்பு மையில் அட்டையின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். அவர் இங்கிலீஷில் தணிவாகச் சொன்னதைத் திலகம் தமிழில் பட்டென்று போட்டு உடைத்தாள்.

"காலு தேறி வருதாம். ஆனா புத்தி எட்டலையாம். உன் இடத்த வேற பிள்ளைக்குக் குடுத்தாச்சு. இனிமே வர வேணாம்."

"இன்னும் ஒரே ஒரு மாசம் மிஸ்ஸி... உங்க கால்ல வேணாலும் விழறேன்."

"என் கையில என்னம்மா இருக்கு?"

அடுத்த பிள்ளையைப் பாயில் உட்கார வைத்துவிட்டார்கள். அம்மாக்கண்ணு பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். பாயோரத்தில் ஒற்றைக் காலுறை கிடந்தது. என்னதான் வாய் நீளமென்றாலும் திலகத்துக்கு மனசு கேட்கவில்லை. இந்தக் குளிரில் பிள்ளை வெறுங்காலோடு போகிறதே என்று அதை எடுத்துக்கொண்டு பஸ் நிற்குமிடத்துக்கு ஓடினாள்.

அங்கே பிள்ளை கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. அம்மாக்கண்ணு நாலடி தள்ளிக் குனிந்து பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். கியா பார்ம் பக்கமிருந்து காய்கறி லோரி ஒன்று வளைவில் இரைந்துகொண்டு வந்தது.

"சீதா! ரெண்டு கையாலயும் புடி!"

பிள்ளை சட்டென்று அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. இன்னொரு கையையும் கம்பத்தில் வைத்து இறுகப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

திலகத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சீதாவா? அப்ப நீலாவதி யாரு?"

அம்மாக்கண்ணு முகம் வெளுத்தாள். "மூத்தவ மிஸ்ஸி. போன வருசம் காய்ச்சல்ல போய்ட்டா. இது சின்னவ. லயத்துலயே பொறந்துச்சு, பதியாம விட்டுட்டோம்."

"அடிப்பாவி! உள்ளயே வாயத் தொறந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

"செத்தவ பேருல அட்டை போட்டிருக்கேன். தெரிஞ்சா சும்மா விடுவாங்களா?"

"ஏண்டி இப்படிச் செஞ்ச? இவளையே நேரா எங்கிட்டத் தூக்கிட்டு வந்திருக்கலாமே!"

அம்மாக்கண்ணு காலுறையை வாங்கிப் பிள்ளையின் காலில் மாட்டினாள்.

"வந்தேனே... சூராட் இல்லாம வராதேன்னு நீங்கதானே மிஸ்ஸி சொன்னீங்க."