சுத்தமான மண்

“மேடம், குப்பைமேட்டு மண்ணைப் பத்திப் பயப்பட ஒண்ணுமில்ல!” ஆல்பர்ட் சந்தோஷமாக ஆய்வகத்துக்குள் நுழைந்தான்.

டெல்லிக் குப்பைமேட்டு மண்ணில் கொஞ்சம் மண்புழு, ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்தமான மண்ணில் கொஞ்சம் விட்டிருந்தான். விஷம் ஏறினால் புழுவின் உடம்பில் சில ஜீன்கள் விழித்துக்கொள்ளும். அதைத்தான் அளந்திருந்தான்.

“ரெண்டு புழுவுக்கும் வித்தியாசமே இல்ல மேடம். ரிப்போர்ட் எழுதிடவா?”

“அச்சா, காட்டு.” மேலதிகாரி சாந்தகுமாரி திரையைப் பார்த்தாள். முகம் இருண்டது.

“வித்தியாசம் இல்லதான். ரெண்டுலயும் ஜீன் உச்சத்துல நிக்குது, பாக்கலியா? மண்ணுல விடறதுக்கு முன்னாடி எப்படி இருந்துது?”

“ஒண்ணுமே இல்ல மேடம்...”

“அப்ப உன் சுத்தமான மண்ணும் விஷம்தான். அதை எங்கேர்ந்து எடுத்தே?”

ஆல்பர்ட் மனைவியைக் கைபேசியில் அழைத்தான்.

“லதா, பாப்பா எங்க?”

“நம்ம அபார்ட்மெண்ட் சொசைட்டி பார்க்லதான். நீங்க அன்னிக்கு மண்ணு அள்ளினீங்களே, அந்தக் குழியில உக்காந்து மண்ணுல சோறாக்கி பொம்மைக்கு ஊட்டறா.” லதா சிரித்தாள். “தானும் ரெண்டு வாய் தின்னாச்சு.”