பானை இல்லாத குலுக்கல்

2025 ஜனவரி 12, ஞாயிறு, காலை ஏழு மணி. பழவேற்காடு ஏரியின்மேல் பனிமூட்டம். அவ்வாண்டு யார் எங்கே வலைவிரிப்பது என்பதைப் பானையில் சீட்டுப் போட்டு எடுக்கும் நாள் அது.

“மூணு வருஷமா நல்ல இடம் தலைவருக்கே வருது. பானையில கோல்மால்!” என்றாள் குவாண்டம் இயற்பியல் ஆய்வு மாணவி காவியா. அவள் கையில் அவளே செய்த குலுக்கல் கருவி இருந்தது.

“சீட்டு எடுக்கிற எடத்துல பொம்பளைக்கு இன்னா வேலை?” என்று சீறினார் தலைவர் நாகப்பன்.

“இது ஒளித்துகளை ஒண்ணொண்ணா பாதி ரசம் பூசின கண்ணாடிமேல உடும். உள்ள பூந்து போவுமா, திரும்பி வருமான்னு யாராலயும் முன்னாடியே சொல்ல முடியாது. உங்களாலயும்தான். பூந்து போனா ஒண்ணு, திரும்பி வந்தா சைபர்; அதுல சேர்ற நம்பர் யாருதோ அவங்களுக்கு எடம்.”

ஊரார் பானையை ஒதுக்கிவைத்தனர். கருவி நல்ல இடத்துக்கு உரியவரைக் காட்டியது: நாகப்பன்.

ஊரே சிரித்தது. “இன்னொருவாட்டி போடும்மே!” என்று கத்தினான் கூட்டத்திலிருந்த மீனவன் பிரகாஷ்.

“புடிச்ச பேரு வர்ற வரைக்கும் போட்டா அது குலுக்கலா?” என்று மறுத்தாள் காவியா.

முடிவைத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டாள்.

நாகப்பன் மீசையை முறுக்கினார். “இப்பவாச்சும் ஒத்துக்க, நான் யோக்கியன்னு.”

“இந்தக் குலுக்கல் யோக்கியம், நைனா. பானையைப் பத்தி நான் சொன்னது சொன்னதுதான்,” என்று தாளைத் தந்தையிடம் நீட்டினாள் மகள்.